யாருடைய வழமை? – அறத்தின் பொதுமையும் யாழ்ப்பாணத்து மரபும்

அறம் எல்லாத் தேயத்தார்க்கும் பொதுவானதா, அன்றி அவ்வச் சமுதாயத்தின் பண்பாட்டுக்கேற்ப வேறுபடுவதா என்னும் வினா மெய்யியலாரிடையே நெடுங்காலம் வழங்கிவருவது. இம்மனுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட நூலிலே அறத்தின் அடிப்படையைப் பகுத்தறிவின்பாற்படுத்தி, பகுத்தறிவுடைய அனைவரையும் அது ஒருங்கே கட்டுப்படுத்தும் என வாதித்தார். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே எழுதிய மானிடவியலாளர், சிறப்பாக 1934இல் பண்பாட்டுக் கோலங்கள் பற்றி நூலெழுதிய றூத் பெனடிக்ற், ஒவ்வொரு பண்பாடும் தனக்கென நெறிகளைத் தெரிந்துகொள்கின்றது என்றும், ஒன்றன் அளவுகோலால் மற்றொன்றை அளத்தல் பொருந்தாது என்றும் கூறினார். இரு நிலைப்பாடுகளையும் எடுத்துரைத்து, இரண்டிலும் ஓரளவு உண்மையுண்டு என்று முடிப்பது பரீட்சை விடைத்தாளுக்குப் போதுமானது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ இவ்வினா நூலகத்திலே எழுந்ததன்று. கிணற்றுக் கட்டிலும், தேநீர்க்கடை வாங்கிலும், கோயில் வாயிலிலும் எழுந்தது. அங்கெல்லாம் கிடைத்த விடை ஒன்றே: 'இது எங்கள் வழமை.' இவ்விடை எங்கிருந்து வந்தது, யார் அதனைச் சொன்னார்கள், யார் அதனை மறுத்தார்கள் என்பதைச் சில நூல்களைக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

வழமை என்னும் சொல் யாழ்ப்பாணத்திலே ஒரு சட்டத்தின் பெயராகவே நிலைபெற்றுள்ளமை மனங்கொளத்தக்கது. ஒல்லாந்த ஆள்பதி கோர்ணேலிஸ் ஜோன் சிமோன்ஸின் பணிப்பின்பேரில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாழ்ப்பாணத்திலே வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் 1707 ஜனவரியிலே தொகுத்தளித்ததே தேசவழமை. அது தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. இவையே இந்நாட்டின் பழைய வழக்கங்கள் என அவர்கள் சான்றுரைத்தனர். பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியாலே அதற்கு முழுச் சட்ட வலுவளித்தனர். இவ்வாறாக, ஓர் அந்நிய உத்தியோகத்தரின் எழுதுகோலிலும் பன்னிருவரின் ஒப்புதலிலும் ஒரு மக்கட் கூட்டத்தின் 'பண்பாடு' எழுத்தில் உறைந்தது. முதலியார்கள் நிலமும் பதவியும் உடையோர். நிலமற்றவரிடம், பெண்களிடம், அடிமைகளிடம் வழக்கம் யாதெனக் கேட்கப்பட்டதற்கு அந்நூலிலே தடயமில்லை.

ஆயினும் தேசவழமையை வெறுமனே ஆதிக்கத்தின் பத்திரமாகக் கொண்டு ஒதுக்கிவிடுதல் எளிதன்று. அந்நூலைக் கூர்ந்து படிப்போர்க்கு முதலிற் புலனாவது, வழமை மாறாதது என்ற எண்ணத்தை அந்நூலே மறுக்கின்றது என்பதாகும். பண்டைநாளிலே முதுசம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் எனப் பிரிந்துநின்ற வழக்கம், அரசுகள் மாறியமையாலும், சிறப்பாகப் போர்த்துக்கேயர் காலத்திலும், படிப்படியாகத் திரிந்து போயிற்று என அதன் தொடக்கப் பகுதியே கூறுகின்றது. அடுத்து, கைம்பெண் மறுமணஞ் செய்யுமிடத்து முதற் கணவனின் பிள்ளைகளை யார் பேணுவது, சொத்து எவ்வாறு பிரிவது என்பனவற்றுக்கு அது விதி வகுக்கின்றது. விதி வகுக்குமளவுக்கு அம்மணம் இயல்பாயிருந்தது என்பது வெளிப்படை. கைம்மை நோன்பே தமிழ்ப் பெண்ணின் தொன்றுதொட்ட அறம் எனப் பிற்காலத்திலே மேடைகளில் முழங்கியோர் இப்பகுதியைப் படித்திருப்பின் சிறிது தயங்கியிருப்பர். தொன்மை எனக் கூறப்பட்டவற்றுட் பல அத்துணைத் தொன்மையானவையல்ல. மரபின் பெயரால் வாதிடுவோர் மரபைக் கற்பதிலே காட்டும் ஆர்வம் பொதுவாகக் குறைவு.

இன்னொன்றும் உண்டு. சீதனத்தைப் பற்றிச் சீர்திருத்தவாதிகள் எழுதியனவற்றிலே அது பெண்ணைப் பெற்றவரின் சுமையாகவே காட்டப்படுகின்றது. அச்சுமை மெய்யே. ஆனால் தேசவழமையின்படி சீதனம் பெண்ணின் சொத்து. தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் நிலமும் வீடும் அதனுள் அடங்கும். ஐரோப்பியச் சட்டங்கள் பல, மணமான பெண்ணைச் சொத்துரிமையற்றவளாக வைத்திருந்த காலத்திலே யாழ்ப்பாணத்துப் பெண் சொந்தப் பெயரிலே காணி உடையவளாயிருந்தாள். அதே வேளையில் அக்காணியைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் விற்கலாகாது என 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்தது. உரிமையும் தளையும் ஒரே முடிச்சிலே கட்டப்பட்டுள்ளன. வெளியிலிருந்து கொண்டுவரும் பொது அளவுகோல் இம்முடிச்சின் ஓரிழையை மாத்திரம் காணும். பண்பாட்டுச் சார்புவாதி கூறுவதில் இத்துணை உண்மையுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்நூலின் அடிமைகள் பற்றிய பகுதிக்கு வரும்போது இந்த நிதானம் நமக்குக் கைகொடுப்பதில்லை. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் எனப் பெயர் சுட்டி அடிமைகளை வகுக்கின்றது அது. ஓர் உடைமையாளனின் அடிமை ஆண் வேறோர் உடைமையாளனின் அடிமைப் பெண்ணை மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் பெண்ணின் உடைமையாளனுக்கு உரியர். சீதனத்தைப் பற்றிப் பேசிய அதே அமைதியான நடையிலே, கன்றும் மரமும் பங்கிடுவது போல, இதுவும் பேசப்படுகின்றது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையிலே அடிமை முறையை நீக்கியது. தேசவழமையின் அப்பகுதி அன்றே வலுவிழந்தது. அதனாலே யாழ்ப்பாணத்தார் தமது பண்பாட்டை இழந்துவிட்டனர் என இன்று எவரும் வருந்துவதில்லை. இவ்வுண்மை சார்புவாதத்துக்கு ஒரு சிக்கலை உண்டாக்குகின்றது. 1707இலே பன்னிருவரும் ஒருமனதாக 'எங்கள் வழமை' என்றது, பண்பாட்டின் இன்றியமையாத உறுப்பு அன்று என்று பண்பாட்டின் வழிவந்தோரே இன்று கொள்கின்றனர். அங்ஙனமாயின் 1707இலே அதனைத் தீது எனக் கூறக்கூடிய ஒருவர் இருந்திருப்பின் அவர் பண்பாட்டுக்கு வெளியே நின்று பேசியவராவாரோ? விற்கப்பட்ட பிள்ளையின் தாய் அதனைத் தீது என்று கருதியிருக்கமாட்டாளோ? அவளும் அப்பண்பாட்டினள்தானே.

வழமையிலிருந்து ஒழுக்கத்துக்கு வருவோம். தமிழிலே அறத்தின் பொதுமைக்கு எடுத்துக்காட்டாக எவரும் முதலிற் கூறுவது திருக்குறள். ஊரும் குலமும் தெய்வமும் பெயர்சுட்டாது எழுதப்பட்டமையால் அதனைப் பொதுமறை என்கின்றோம். யாழ்ப்பாணத்தார் அந்நூலைக் கற்றதோ பெரும்பாலும் பரிமேலழகர் உரைவழியே. ஆறுமுக நாவலர் அவ்வுரையைப் பரிசோதித்து 1861இலே பதிப்பித்தார். அப்பதிப்பின் செம்மையை மறுப்பாரில்லை. ஒழுக்கமுடைமை என்னும் அதிகாரத்துக்குப் பரிமேலழகர் கூறும் விளக்கத்திலே, ஒழுக்கமென்பது தத்தம் வருணத்துக்கும் நிலைக்கும் ஓதப்பட்டது என ஆகிவிடுகின்றது. பெருமை என்னும் அதிகாரத்திலே பிறப்பினால் எல்லா உயிரும் ஒத்தவை என வள்ளுவர் கூறுமிடத்திலும், உரையாசிரியர் பிறப்பின் ஒப்புமையை உடம்பளவிலே நிறுத்திவிட்டு அப்பால் நகர்கின்றார். மூலம் பொதுவாகப் பேச, உரை அதனைப் பகுத்துப் பகிர்கின்றது. ஒரே ஏட்டிலே மேலே பெரிய எழுத்திற் பொதுமை. கீழே சிறிய எழுத்தில் வருணம். மாணவன் மனனஞ் செய்தது மேலதனை. வாழ்ந்தது கீழதன்படி. யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே 'ஒழுக்கமான குடும்பம்' என்பது பலவேளைகளிற் சாதியைக் குறிக்கும் இடக்கரடக்கலாக வழங்கியமைக்கு இக்கல்வியும் ஒரு காரணம் எனலாம்.

நாவலரைப் பற்றி இவ்விடத்திலே ஒரு வார்த்தை. அவரை மரபின் காவலர் எனப் போற்றுவோரும், சாதிமான் எனத் தூற்றுவோரும் அவரது ஒரு பண்பைக் காணத் தவறுகின்றனர். அவர் தம் காலத்து யாழ்ப்பாண வழமைகளின் கடுமையான விமரிசகர். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகம விதிப்படி அமையவில்லை என 1870களிலே துண்டுப்பிரசுரங்கள் வாயிலாகக் கண்டித்தார். உயிர்ப்பலியைக் கண்டித்தார். ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாக வழிபட்ட கண்ணகியை, சமண வணிகர் குலத்துப் பெண் என்று கூறிச் சைவர் வணங்கத் தகாதவளாக ஒதுக்கினார். இவையனைத்தும் உள்ளூர் வழமைகள். அவற்றை அவர், எல்லாச் சைவர்க்கும் பொதுவான ஆகமம் என்னும் அளவுகோலைக் கொண்டு அளந்தார். குறைகண்டவற்றை அகற்றுமாறு கேட்டார். 'அது எங்கள் ஊர் வழக்கம்' என்ற விடையை அவர் ஏற்றாரல்லர். ஆகவே வழமைக்கு மேலான அறமொன்று உண்டென்பதையும், அதன்படி வழமையைத் திருத்தலாம் என்பதையும் யாழ்ப்பாணத்து வைதிக மரபின் மூலவரே ஒப்புக்கொண்டிருந்தார். சாதியொழுக்கத்துக்கு வரும்போது மாத்திரம் அவ்வளவுகோல் சுருட்டி வைக்கப்பட்டது. நாவலரைத் தேசிய விழிப்பின் முன்னோடியாக மதிப்பிட்ட முற்போக்கு விமரிசகர் சிலரும் இவ்விடத்தை விரைந்து கடந்தமை வருந்தத்தக்கது.

இனி ஆக்க இலக்கியத்துக்கு வருவோம். இவ்விவாதம் அதன் உண்மையான ஆழத்தைப் பெறுவது அங்கேதான். குடாநாட்டிலே ஆறுகள் இல்லை. சுண்ணாம்புக்கல்லினடியிலே தேங்கும் மழைநீரைக் கிணறு தோண்டி எடுத்தே மக்கள் வாழ்கின்றனர். நிலம் யாருடையதோ கிணறும் அவருடையது. நிலமற்றவர் கிணற்றுக் கட்டுக்கு வெளியே குடத்துடன் நின்று, துலாவிற் கைவைக்க உரிமையின்றி, உரியவர் மனமிரங்கி அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தனர். இவ்வாறான நிலத்திலே தீட்டு என்பது வெறுங் கருத்தன்று. தாகத்தின் மீதான ஆட்சி. கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார். டொமினிக் ஜீவாவின் சிறுகதைத் தொகுதியின் பெயர் 'தண்ணீரும் கண்ணீரும்'. இப்பெயர்கள் உணர்ச்சியைத் தூண்டுதற்கு இடப்பட்டவை எனக் கருதுவோர் குடாநாட்டின் நிலவியலை அறியாதோர்.

என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்னும் சிறுகதை நமது பொருளுக்கு மிக அணுக்கமானது. மேடையிலே உயர்ந்த கருத்துக்களைப் பேசும் பெரியவர் ஒருவர். அவரது பேச்சை மெய்யென நம்பிய தாழ்த்தப்பட்ட மக்கள் சிலர் அவரது வீட்டுக்கு வருகின்றனர். வீட்டினுள் அழைத்தற்கு மனமில்லை. அழையாமைக்குக் காரணங் கூறவும் நாணம். நிலவு நன்றாயிருக்கின்றது, வெளியே மணலிலிருந்து பேசுவோம் என அவர்களை அழைத்துச் செல்கின்றார். கதை அவ்வளவே. பொதுவான அறத்தை அம்மனிதர் மறுக்கவில்லை. அதனை விரும்பிப் பேசுபவர் அவர். வாசற்படியிலே மாத்திரம் அது பண்பாடாக மாறிவிடுகின்றது. அறம் பொதுவானதா, பண்பாட்டுக்குரியதா என்னும் வினாவுக்கு யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கம் கண்டுபிடித்த விடை இதுவே: மணலிலே பொது, விறாந்தையிலே வழமை. ஓரிடத்திலும் குரலை உயர்த்தாத இக்கதை, பின்னெழுந்த பல ஆவேசக் கதைகளைவிடக் கூர்மையானது என்பது நமது கருத்து.

மஹாகவியின் 'தேரும் திங்களும்' என்னும் கவிதை இன்னொரு வகையிலே முக்கியமானது. தேர்வடத்தைப் பிடிக்க வந்த ஒருவனைச் சாதியின் பெயரால் தடுக்க, அடிதடி மூண்டு, தேர் வழியிலே நின்றுவிடுகின்றது. மனிதன் நிலவிற் காலூன்றிய காலத்துக் கவிதை அது. தடுக்கப்பட்டவனை நிலவுக்குச் சென்று மீண்டவனின் உறவினனாக அறிமுகஞ் செய்கின்றார் கவிஞர். ஈண்டு மானிட சமத்துவம், மனித உரிமை என்னும் சொற்கள் வருவதில்லை. உறவு என்னும் சொல்லே வருகின்றது. யாழ்ப்பாணக் கிராமத்திலே எவரையும் அடையாளங் காண்பதற்குக் கேட்கும் முதற் கேள்வி 'ஆருடைய ஆள்?' என்பதே. அக்கேள்விக்குக் கவிஞர் மண்ணுலகு முழுவதையும் விடையாகத் தருகின்றார். பொதுமையான அறம் அந்நியமான மொழியிற்றான் வந்து சேரவேண்டும் என்பதில்லை. உள்ளூர்க் கேள்விக்கு விடையாகவும் வரலாம்.

டானியலின் 'பஞ்சமர்' 1972இலே வெளிவந்தது. வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகிய ஐவகைச் சாதியினரைக் குறிக்க அவர் இச்சொல்லை ஆண்டார். அந்நாவலின் கலைக் குறைபாடுகள் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். பாத்திரங்கள் சில கருத்தின் சுமைதாங்கிகளாகி விடுகின்றன என்னும் குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று. எனினும் ஒன்றை அந்நாவல் செய்தது. தேசவழமையைத் தொகுத்தபோது கேளாது விடப்பட்டோரின் வாக்குமூலத்தை அது பதிவுசெய்தது. அவர்களிடமிருந்த வழக்கங்கள், அவர்களது நியாயங்கள், யாருக்கு எதனைச் செய்வது தகாது என்னும் அவர்களது கண்டிப்புக்கள் அனைத்தும் அதிலே உள்ளன. யாழ்ப்பாணத்துப் பண்பாட்டுக்குள் ஒன்றன்று, குறைந்தது இரண்டு அறங்கள் இயங்கின என்பதை நாவல் காட்டுகின்றது. அன்றைய பண்டிதர் சிலர் முற்போக்கு எழுத்தாளரின் நடையை 'இழிசனர் வழக்கு' என இகழ்ந்ததன் உட்பொருளும் இதுவே. பேச்சு மொழியை நூலில் ஏற்றால் அம்மொழி பேசுவோரைச் சாட்சிகளாகவும் ஏற்கவேண்டி வரும்.

1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நிகழ்ந்தது இவ்விவாதத்தின் உச்சம். அதற்கு முன் 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிய ஊர்வலமும், 1967இலே தோன்றிய தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், சங்கானை முதலிய இடங்களிலே தேநீர்க்கடைப் போராட்டங்களும் நிகழ்ந்திருந்தன. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொது இடங்களிலே சாதியின் பெயரால் தடுப்பதைக் குற்றமாக்கியிருந்தது. கோயில் வாயிலிலே சாத்துவிக முறையிற் காத்திருந்தோரை எதிர்த்து நின்றவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்ட்டிலே பயின்றவர், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே கணிதப் பேராசிரியராயிருந்தவர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையிலே வர்த்தக அமைச்சர். கேத்திர கணிதத்தின் தேற்றங்கள் ஒக்ஸ்போர்ட்டுக்கும் மாவிட்டபுரத்துக்கும் பொதுவானவை என்பதிலே அவருக்கு ஐயமிருந்திராது. அறம் மாத்திரம் அவ்வாறன்று. கோயிலுக்குக் கோயில் வழக்கு உண்டு, ஆகமம் உண்டு, அதிலே சட்டம் தலையிடலாகாது என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம்.

இந்நிலைப்பாட்டை மூடத்தனம் என்று ஒதுக்குவது விமரிசனமாகாது. அதன் பின்னணியில் ஒரு மெய்யான அச்சமும் இருந்தது. 1956இலே தனிச் சிங்களச் சட்டத்தை இயற்றிய அதே பாராளுமன்றமே 1957இலே தீண்டாமைக்கு எதிரான சட்டத்தையும் இயற்றியது. தமிழரின் மொழியை ஒதுக்கியவர்கள் தமிழரின் கோயிலுக்கு நீதி சொல்ல வருவதா என்ற கேள்வி பலருக்கு நியாயமாகவே தோன்றியது. பொதுவான அறம் யாருடைய கையிலிருந்து வருகின்றது என்பதும் கவனிக்கப்பட வேண்டியதே. ஒல்லாந்தரின் கையிலிருந்து வந்தது அடிமைகளை வகுத்த சட்டம் என்பதை முன்னரே கண்டோம்.

ஆனால் சுந்தரலிங்கம் தனித் தமிழரசு வேண்டுமென முதன்முதற் குரலெழுப்பியோருள் ஒருவருமாவார். ஓரினத்தை அதன் பிறப்புக் காரணமாக இழிவுபடுத்தலாகாது என்பதே அக்கோரிக்கையின் அடித்தளம். கொழும்பை நோக்கித் தமிழர் பேசியபோது எல்லா மனிதரும் சமம் என்றனர். மொழியுரிமை, பல்கலைக்கழக அனுமதி, உயிர்ப் பாதுகாப்பு ஆகிய அனைத்திலும், 1983க்குப் பின்னர் ஜெனீவா வரையிலும், அந்த வாதமே எடுத்துச் செல்லப்பட்டது. அதே நாவினால் மாவிட்டபுர வாயிலிலே 'இது எங்கள் பண்பாடு. வெளியார் தலையிடவேண்டா' எனப்பட்டது. பெரும்பான்மையினரும் தமிழரின் முறைப்பாட்டுக்கு இதே விடையைப் பலமுறை கூறியுள்ளனர்: இது எங்கள் நாட்டின் பண்பாடு, வெளியார் தலையிடவேண்டா. ஒன்றை ஏற்று மற்றதை மறுத்தற்குத் தர்க்க வழி யாது? நாம் பலவாறு முயன்றும் ஒன்றும் காணவில்லை.

இவ்விக்கட்டு யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் உரியதன்று. 1947இலே, ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த வேளையில், அமெரிக்க மானிடவியற் சங்கம் ஓர் அறிக்கையை அனுப்பியது. அதனை வரைந்ததிலே முதன்மையானவர் மெல்வில் ஹேர்ஸ்கோவிற்ஸ். மேலைத்தேயத்தின் மதிப்பீடுகளை உலகுக்கெல்லாம் பொதுவெனத் திணித்தல் தகாது என்பதே அதன் கருத்து. குடியேற்ற ஆட்சியின் கொடுமைகளைக் கண்டறிந்தோரின் நல்லெண்ணம் அதிலிருந்தது. ஆயின் ஒரு பண்பாட்டுக்குள்ளே ஒடுக்கப்பட்டோர் அப்பண்பாட்டை மதிக்கக் கடமைப்பட்டவரா என்ற கேள்விக்கு அவ்வறிக்கையிலே போதிய விடையில்லை. அச்சங்கமே 1999இலே மனித உரிமைகளை ஏற்று வேறொரு பிரகடனத்தை வெளியிட்டது. ஐம்பது ஆண்டுகளிலே அறிஞர் கடந்த தூரத்தை, நம்மவருட் சிலர் அதற்கு முன்னரே கடந்திருந்தனர். 1924இலே மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அமைப்பினர், ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர், காந்தியடிகளை 1927இலே யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தனர், சமபந்தியிலே உண்டனர். பாடசாலைகளிலே சம ஆசனம் வேண்டுமென்ற முயற்சி அக்காலத்திலே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. சம ஆசனம் கேட்டவரும் தீயிட்டவரும் ஒரே பண்பாட்டினர். ஒரே தேவாரத்தைப் பாடியோர். 'யாழ்ப்பாணப் பண்பாடு இதனை ஏற்காது' என்னும் தொடருக்கு எழுவாயாக நிற்கத்தக்க ஒற்றைப் பண்பாடு அன்றும் இருக்கவில்லை.

முற்போக்குத் தரப்பினரிடமும் கேட்க வேண்டியதொன்றுண்டு. அறம் வர்க்கச் சார்பானது, காலத்துக்குக் காலம் பொருளாதார அடித்தளத்துக்கேற்ப மாறுவது என்று நமது விமரிசனக் கட்டுரைகள் பல எழுதிவந்துள்ளன. இதற்கு ஏங்கெல்ஸ் 1878இலே டூரிங்குக்கு எதிராக எழுதிய நூல் சான்றாகக் காட்டப்படும். அவ்வளவில் நிறுத்தினால், உடைமையாளனின் அறம் அவனுக்கு, பஞ்சமரின் அறம் அவர்க்கு என்றாகி, மாவிட்டபுரத்து வாதத்தையே வேறொரு வாயிலால் உள்ளே விட்டவராவோம். கிணற்றைப் பூட்டியது தவறு எனக் கூறுவதற்கு நமக்கு அடிப்படை இல்லாது போய்விடும். நாம் அப்பக்கம் நிற்கின்றோம் என்று மாத்திரமே கூறலாம். ஏங்கெல்ஸ் அவ்வளவில் நிறுத்தினாரல்லர். அறத்திலும் வளர்ச்சியுண்டு என்றும், வர்க்க முரண்பாடுகளைக் கடந்த சமுதாயத்திலே உண்மையான மானிட அறம் இயலும் என்றும் அதே இடத்திலே எழுதினார். வளர்ச்சி எனக் கூறுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனை வெளிப்படக் கூற நமது விமரிசகர் ஏனோ கூசினர். அறத்தைப் பேசினால் கருத்துமுதல்வாதி என்னும் பெயர் வருமென்ற அச்சம் போலும். டானியலுக்கு அக்கூச்சம் இருக்கவில்லை. அநியாயம் என்ற சொல்லை அவருடைய மாந்தர் தயங்காது சொல்கின்றனர். அச்சொல்லைச் சொல்வோர் தமது சாதிக்கு மாத்திரம் பொருந்தும் நியாயமொன்றைக் கேட்பதில்லை. கிணற்றுக்கு உரியவனும் அதனை ஏற்கவேண்டும் என்று கருதியே சொல்கின்றனர். அவ்வெதிர்பார்ப்பு இல்லாதவிடத்து வழக்காடுதலே இல்லை. அடிதடி மாத்திரமே உண்டு.

தமிழிலே அத்தகைய வழக்காடலின் பேரெடுத்துக்காட்டு கண்ணகியுடையது. அவள் பாண்டிநாட்டினள் அல்லள். அயல் நாட்டு அரசவையிலே நின்று, தன் நாட்டுச் சோழர் ஒரு புறாவுக்காகவும் ஒரு பசுவின் கன்றுக்காகவும் செய்தவற்றை எடுத்துக்காட்டிப் பாண்டியனை அளக்கின்றாள். அது உங்கள் நாட்டு வழமை, இங்கே வேறு எனப் பாண்டியன் கூறவில்லை. கள்வனைக் கொல்லுதல் முறையே என்கின்றான். அவளும் அதனோடு வாதிடவில்லை. சிலம்பினுள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்பதே வழக்கு. பரல் தெறித்தபோது அரசன் தன் பிழையை ஏற்று வீழ்கின்றான். இரு நாட்டார்க்கும் பொதுவான நீதி உண்டென்பதை இருவரும் ஐயுறாமையாலேயே அக்காட்சி இயல்கின்றது.

அக்கண்ணகியை நாவலர் ஒதுக்கிய பின்னர் குடாநாட்டுக் கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன் பெயர்களைப் பெற்றன. சில பழைய பெயருடனே எஞ்சின. 2018 ஜூன் மாதத்திலே தென்மராட்சி வரணிப் பகுதியிலுள்ள கண்ணகை அம்மன் கோயிலொன்றின் தேர், மண் அகழும் இயந்திரத்தாலே இழுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியினர் வடத்தைத் தொடாதிருத்தற்கே இவ்வாறு செய்யப்பட்டது எனச் செய்திகள் வெளியாயின, படங்களும் பரவின. மஹாகவியின் தேர் வழியிலே நின்றது. இத்தேர் நிற்காது இருப்பிடஞ் சேர்ந்தது. வடம் பிடிப்பதற்கு ஆட்பற்றாக்குறை என்றொரு விளக்கமும் கூறப்பட்டது. இழுக்க விரும்பியோர் அவ்வூரிலேயே இருந்தனர்.